அமெரிக்கக் கல்லூரியில் ஓடப் போகும் மலைப் பிள்ளைகளுக்கு: கான்ஃபரன்ஸ் மாற்றத்தைப் புரிந்துகொள்ளும் வழி

கோத்தகிரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கிறேன். ஸ்காலர்ஷிப் வாங்கி அமெரிக்காவில் படித்துக்கொண்டே ஓடலாம் என்ற ஆசை இப்போது நம் மலையிலும் வந்துவிட்டது. ஆனால் கல்லூரியைத் தேட உட்கார்ந்தால் கான்ஃபரன்ஸ் என்ற ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது. போன வருஷம் ஒன்றில் இருந்த கல்லூரி இந்த வருஷம் வேறொன்றில் இருக்கிறது. என் மாணவி ஒருத்தியின் அப்பா கேட்டார்: "மிஸ், அந்த காலேஜை மத்தவங்க எல்லாரும் விட்டுட்டுப் போயிட்டாங்களாமே, அப்போ சர்ட்டிபிகேட் செல்லுமா?" அவர் பார்த்தது வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகம். பிள்ளையை அனுப்பும் எந்த வீட்டிலும் எழக்கூடிய பயம்தான் இது. அதனால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் பட்டத்தையும் விளையாட்டையும் தனித்தனியாகப் பாருங்கள். நம்மிடம் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஊட்டி அரசு கலைக் கல்லூரிக்குத் தேர்வு நடத்திப் பட்டம் கொடுப்பதும் பாரதியார் பல்கலைக்கழகம், கல்லூரிகளுக்கு இடையே மீட் நடத்துவதும் அதேதான். அமெரிக்காவில் அப்படி இல்லை. கான்ஃபரன்ஸ் என்பது சில கல்லூரிகள் தங்களுக்குள் விளையாடவும், தொலைக்காட்சி உரிமையைச் சேர்ந்து விற்கவும் செய்துகொண்ட ஒப்பந்தம். பட்டத்துக்கு மதிப்புத் தருவது அங்கீகார அமைப்புகள். வாஷிங்டன் ஸ்டேட்டுக்கும், அதைப் போலவே தனித்து விடப்பட்ட ஒரேகான் ஸ்டேட்டுக்கும் வடமேற்கு மாநிலங்களுக்கான கல்லூரி ஆணையத்தின் அங்கீகாரம் இருக்கிறது. அவை இருந்த பாக்-12 கான்ஃபரன்ஸ் உடைந்தபோது அந்த அங்கீகாரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. எந்தக் கல்லூரியானாலும் அதன் இணையதளத்தில் அங்கீகாரம் பற்றிய பக்கத்தை முதலில் படியுங்கள். விளையாட்டுப் பக்கத்துக்கு அப்புறம் போகலாம்.

சரி, ஏன் இடம் மாறுகிறார்கள்? அமெரிக்கக் கால்பந்துக்கான தொலைக்காட்சிப் பணம்தான் பெரிய காரணம். 2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ. இரண்டும் பாக்-12 கான்ஃபரன்ஸை விட்டு பிக் டென் என்ற இன்னொரு கான்ஃபரன்ஸுக்குப் போவதாக அறிவித்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் பிக் டென் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. மூன்றோடும் ஏழு ஆண்டுக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. 2023-இல் கொலராடோ முதலில் கிளம்பியது. ஆகஸ்ட் 4 ஒரே நாளில் ஒரேகான், வாஷிங்டன், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா ஐந்தும் போய்விட்டன. பின்னாலேயே ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கடற்கரைக் கான்ஃபரன்ஸில் சேர்ந்தன. 1915-இல் தொடங்கிய கூட்டணியில் மிஞ்சியவை வாஷிங்டன் ஸ்டேட், ஒரேகான் ஸ்டேட் இரண்டு மட்டுமே.

அந்த இரண்டும் விடுபட்டதற்குப் படிப்பு காரணமில்லை. வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் புல்மன், கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். ஒரேகான் ஸ்டேட் இருக்கும் கார்வாலிஸும் பெரிய நகரம் இல்லை. தொலைக்காட்சிக்காரர்கள் எண்ணுவது பார்க்கும் வீடுகளை. பட்டணத்துக் கல்லூரி உசத்தி, விவசாயம் சொல்லிக்கொடுக்கும் ஊர்க் கல்லூரி மட்டம் என்ற பழைய நினைப்பும் அங்கே உண்டு. நமக்கும் இது தெரியாததில்லை. கீழே கோயம்புத்தூரில் சேர்ந்தால்தான் படிப்பு என்று மேலே இருக்கும் கல்லூரியைக் குறைத்துப் பேசும் வீடுகள் எத்தனை! 1955-இலிருந்து ஊட்டியில் ஸ்டோன் ஹவுஸ் வளாகத்தில் அரசு கல்லூரி நடக்கிறது. அதில் படித்து வந்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பேச்சை நான் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. வாஷிங்டன் ஸ்டேட்டின் தோட்டக்கலை ஆராய்ச்சியில் உருவானதுதான் 2019-இல் கடைக்கு வந்த காஸ்மிக் கிரிஸ்ப் ஆப்பிள். மலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு அப்படி ஒரு துறை கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

அடுத்து, உங்கள் பிள்ளையின் விளையாட்டு எது என்று பாருங்கள். வாலிபால், சாக்கர் மாதிரி வாரம்தோறும் கான்ஃபரன்ஸ் ஆட்டம் உள்ளவர்களுக்கு இந்த மாற்றம் நேரடியாக வலிக்கும். யு.சி.எல்.ஏ.வும் நியூ ஜெர்சியில் உள்ள ரட்கர்ஸும் இப்போது ஒரே கான்ஃபரன்ஸ். இடையில் கிட்டத்தட்ட 4,000 கிலோமீட்டர், மூன்று மணி நேரக் கடிகார வித்தியாசம். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் நேர்க்கோட்டில் 3,000 கிலோமீட்டருக்கும் குறைவு. அவ்வளவு தூரம் பறந்து போய் ஆடிவிட்டு வந்து திங்கள்கிழமை வகுப்பில் உட்கார வேண்டும். அப்படிப்பட்ட விளையாட்டென்றால் கடந்த பருவத்தின் ஆட்ட அட்டவணையை எடுத்து, வெளியூர்ப் பயணங்களைக் காலண்டரில் குறித்துப் பாருங்கள்.

கிராஸ் கண்ட்ரி, அதாவது டிராக்கில் இல்லாமல் புல்லிலும் மண்ணிலும் நீண்ட தூரம் ஓடுபவர்களுக்கு இந்தக் கஷ்டம் குறைவு. பருவத்தின் பெரும்பாலான பந்தயங்கள், எந்தக் கான்ஃபரன்ஸ் என்று பார்க்காமல் கல்லூரிகளை அழைத்து நடத்தும் அழைப்பு மீட்கள். கான்ஃபரன்ஸுக்காக ஓடுவது அதன் சாம்பியன்ஷிப்பில்தான். தேசியப் போட்டிக்குப் போகும் வழியும் கான்ஃபரன்ஸ் வழியாக இல்லை. நாட்டை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அணிகளை நேரடியாக எடுக்கிறார்கள். அதனால் நீண்ட தூரம் ஓடும் பிள்ளைக்குக் கான்ஃபரன்ஸ் பெயரைவிடப் பயிற்சி நடக்கும் இடமும் கோச்சும்தான் முக்கியம். அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃப் என்ற ஊர் ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள நார்தர்ன் அரிசோனா பல்கலைக்கழகம் பிக் ஸ்கை என்ற சிறிய கான்ஃபரன்ஸைச் சேர்ந்தது. 2016 முதல் 2022 வரை நடந்த ஏழு தேசிய கிராஸ் கண்ட்ரிப் போட்டிகளில் ஆறில் அதன் ஆண்கள் அணிதான் முதலிடம். வயோமிங் பல்கலைக்கழகம் இருக்கும் லேரமி 7,220 அடி, கிட்டத்தட்ட நம் ஊட்டி உயரம். அது இருக்கும் மவுண்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸிலிருந்து ஐந்து கல்லூரிகள், மிஞ்சிய இரண்டு கல்லூரிகளும் மறுபடி கட்டிய பாக்-12க்கு 2026-இல் மாற முடிவெடுத்தன. வயோமிங் தன் இடத்திலேயே இருந்தது. அதற்காக அந்த மலைக்காற்றின் பலன் குறையாது.

பணம் பற்றி எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். 2025 ஜூனில் அமெரிக்க நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்தின்படி, அதில் சேர்ந்த கல்லூரிகள் வீரர்களுக்கே பணம் தரலாம். முதல் ஆண்டின் உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு ஏறத்தாழ 2.05 கோடி டாலர். அதோடு ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பு போய், அணியில் எத்தனை பேர் என்ற வரம்பு வந்தது. கிராஸ் கண்ட்ரிக்கு 17, டிராக்குக்கு 45. அணியில் இடம் இருக்கிறது என்றால் ஸ்காலர்ஷிப் இருக்கிறது என்று ஆகாது. முழுச் செலவா, பாதியா? ஒரு வருஷத்துக்கா, நாலு வருஷத்துக்கா? காயம்பட்டால் நின்றுவிடுமா? ஓட்டப் பிரிவையே கல்லூரி நிறுத்தினால் என்ன ஆகும்? பச்சைத் தேயிலை விலையை நம்பி இருக்கும் வீடு, மீதிப் பாதியை எங்கே போய்ப் புரட்டும்? கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பு கல்லூரிகளை மூன்று பிரிவாக வைத்திருக்கிறது. அதில் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளிலும், ஐவி லீக் என்ற கான்ஃபரன்ஸின் எட்டுக் கல்லூரிகளிலும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது. அங்கே குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவியைத்தான் கேட்க வேண்டும். மாணவர் விசாவில் வேலைக்குக் கட்டுப்பாடு உண்டு. அதனால் விளம்பரப் பணமோ வேறு எந்தப் பணமோ கை நீட்டி வாங்குமுன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேளுங்கள்.

இப்போது கோச்சுக்கு மின்னஞ்சல். பத்தாம் வகுப்பு முடித்த ஜூன் 15க்கு முன் முதல் பிரிவுக் கோச் பதில் போட விதி இடம் தராது. பதில் வரவில்லையே என்று பிள்ளை வாடிப்போக வேண்டாம். கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: எந்த வகுப்பு, மதிப்பெண், எந்தத் தூரத்தில் என்ன டைமிங், எந்த மீட், எந்தத் தேதி, ஓடும் வீடியோ. 3,000 அடிக்கு மேல் உள்ள டிராக்கில் நடுத்தர, நீண்ட தூரம் ஓடிய நேரத்தைச் சமதள நேரமாக மாற்றிப் பார்க்கும் முறை என்.சி.ஏ.ஏ.வில் உண்டு. ஆகவே ஊட்டியில் ஓடியதென்றால் டைமிங்குக்குப் பக்கத்திலேயே டிராக்கின் உயரம் ஏறத்தாழ 2,200 மீட்டர் என்று எழுதுங்கள். கோவையில் ஓடிய டைமிங் இருந்தால் அதைத் தனி வரியில் கீழே போடுங்கள்.