அப்பாவின் பஸ் டோக்கனும் ஆதாரில் இல்லாத தேதியும்

சென்னையில் 60 வயது நிறைந்தவர்களுக்கு மாதம் 10 இலவச பஸ் டோக்கன். ஆறு மாதத்துக்குச் சேர்த்தே தருகிறார்கள். அப்பாவுக்கு வாங்கப் போனால், "வயசு சரியா தெரியலையே" என்று கவுன்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆதார் ஜெராக்ஸ்தான் மங்கல் என்று நினைத்து மறுபடி எடுத்தேன். அப்புறம் ரேஷன் கார்டையும் நீட்டிப் பார்த்தேன். மூன்று நாள் போச்சு.

வீட்டில் ஆதாரை உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது: பழைய அட்டை, பிறந்த ஆண்டு மட்டும் அச்சாகியிருக்கிறது. நாளும் மாதமும் இல்லை! திருத்தலாம் என்றால் அதற்கும் நாளாகும்.

கடைசியில் கைகொடுத்தது அப்பாவின் டிரைவிங் லைசென்ஸ். ஸ்கூட்டரைத் தொட்டே பல வருடம் ஆகிறது, ஆனால் அதில் முழுப் பிறந்த தேதி இருந்தது. ரேஷன் கார்டு, இரண்டு போட்டோவோடு அதைக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் 60 டோக்கன் கைக்கு வந்தது.