பெபிள் பீச்சில் ஆடச் செல்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிபோர்னியாவின் மான்டரே தீபகற்பத்தில், கார்மெல் விரிகுடாவை ஒட்டி 1919இல் திறக்கப்பட்ட பெபிள் பீச் கோல்ஃப் திடலுக்கு முதன்முறையாகச் செல்கிறவர்களில் பலர், மட்டையைத் தொடுவதற்கு முன்பே, நாள் குறிப்பதிலேயே தவறிவிடுகிறார்கள். கோடைக்காலம் என்றால் வெயில்தானே என்று எண்ணி ஜூன், ஜூலையில் அரைக்கைச் சட்டையோடு போய் இறங்கினால், குளிர்ந்த பசிபிக் கடலின் மேலிருந்து கரைக்கு ஏறிவரும் மூடுபனியில் நடுங்க வேண்டியதுதான். செப்டம்பர், அக்டோபரில் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும்.

இது எவரும் பணம் கட்டி ஆடக்கூடிய பொதுத் திடல். ஓர் ஆட்டத்துக்கு 600 டாலருக்கு மேல் ஆகும். ஆனால் அந்த வளாகத்தின் விடுதிகளில் தங்குகிறவர்களுக்கே முன்னுரிமை. மற்றவர்கள் பொதுவாக ஒரு நாள் முன்னதாகத்தான் எஞ்சிய நேரத்தைக் கேட்க முடியும். இதை விசாரிக்காமல் விமானச் சீட்டை முதலில் வாங்கிவிட்டு, கடைசியில் திடலை ஒட்டிச் செல்லும் ‘பதினேழு மைல் சாலை’யோரம் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களும் உண்டு.

திடலுக்குள் நுழைந்தபின் பலரை ஏமாற்றுவது ஏழாவது குழி, அதாவது ஆட்டத்தின் ஏழாவது பகுதி. மேட்டிலிருந்து கீழே, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில், மணற்குழிகள் சூழ ஒரு சிறிய கிரீன் (பந்து விழவேண்டிய குழி இருக்கும், புல்லை ஒட்ட வெட்டிய பரப்பு). தூரம் ஏறத்தாழ 106 கஜம்தான். தூர அட்டையைப் பார்த்துவிட்டு குறுந்தூரத்துக்கான வெட்ஜ் மட்டையை எடுத்து உயரத் தூக்கி அடிக்கிறார்கள்; எதிர்காற்று பந்தை அப்படியே பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. 1992 அமெரிக்க ஓபன் கோல்ஃப் போட்டியின் இறுதிச் சுற்றில், புயல்போல் வீசிய காற்றில், அமெரிக்க வீரர் டாம் கைட் இதே குழிக்கு, வெட்ஜைவிட அதிக தூரம் அடிக்கும் ஆறாம் எண் அயர்ன் மட்டையை எடுத்தார். அப்போதும் பந்து கிரீனுக்கு இடப்புறம் விலகிப்போக, அங்கிருந்து சிப் செய்து (பந்தைச் சற்றே எழுப்பிக் குட்டையாக அடித்து) நேரே குழியில் விழவைத்தார். பட்டமும் அவருக்கே கிடைத்தது. ஆகவே இங்கே தூரத்தைக் கணக்கிடுவதற்கு முன் கொடியையும் அலையையும் பார்ப்பதே முறை.

எட்டாவது குழியில் தவறு நேர்மாறானது. மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாமலே டிரைவர் என்னும் நெடுந்தூர மட்டையை முழு வலிமையோடு வீசுகிறவர்களின் பந்து, தரை முடியுமிடத்தில் செங்குத்துப் பாறைக்குக் கீழே போய்விடும். அடுத்த அடியில் விரிகுடாவின் பிளவைக் கடந்தாக வேண்டும் என்பதால், முதல் அடியை அளந்து அடித்து விளிம்புக்கு இப்பால் நிறுத்துவதே உத்தமம். கேடி (மட்டைப் பையைச் சுமந்து ஆலோசனை சொல்லும் உதவியாளர்) இருந்தால் அவர் சொல்லும் மட்டையையே எடுங்கள். இந்த ஓரிடத்திலேயே அவருக்குக் கொடுத்த கூலி மீண்டுவிடும் என்பேன்.

கிரீன்கள் சராசரியாக 3,500 சதுர அடியே. தொழில்முறைப் போட்டித் திடல்களில் மிகச் சிறியவற்றுள் இவையும் சேரும். குழிக்கு மேற்புறம் பந்தை நிறுத்திவிட்டால், பந்தை உருட்டிவிடும் பட்டர் மட்டையால் தொட்டாலே அது சரிவில் ஓடிவிடும். கிரீனில் உள்ள போவா என்னும் புல் பிற்பகலில் சீரற்று வளர்வதால், அப்போது குட்டையான அடிகூட நடுவழியில் தடம் மாறலாம்.

பாறைக்குக் கீழே விழுந்த பந்தைத் தேடி விளிம்புக்குப் போகவே கூடாது. ஓர் அடி தண்டனையை ஏற்று வேறொரு பந்தைப் போட்டு ஆடிவிடலாம்.