தோட்டத்திலிருந்து வார்டுக்கு: தாதியாக முதல் வருடம்

தாதியர் கல்லூரியில் மூன்று வருடப் பயிற்சியை முடித்து, இறுதிப் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் நம் மலையகத்துத் தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் இதை எழுதுகிறேன். ஊசி போடுவது, காயம் கட்டுவது, சேலைன் ஏற்றும் கனுலாக் குழாய் போடுவது எல்லாம் உங்களுக்குக் கைவந்திருக்கும். நம்மில் பலருக்கு வராதது ஒன்றுதான்: பெரியவர்கள் முன்னால் வாய் திறப்பது. தோட்டத்துத் துரை முன்னாலும் கணக்கப்பிள்ளை முன்னாலும் பேசாமல் நிற்கிற பிள்ளையைத்தான் லயத்து வீடுகளில் நல்ல பிள்ளை என்பார்கள். நானும் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்படி வளர்ந்தவள்தான். அந்தப் பழக்கத்தோடு வார்டுக்குள் போனால் கஷ்டப்படப்போவது நோயாளி. அதனால் தெரியாததைக் கேட்கவும், கண்டதைச் சொல்லவும் இப்போதே பழகுங்கள். அது முதலில் உதவப்போவது கடதாசி வேலையில்.

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தர, உயர்தரச் சான்றிதழ்கள், கல்லூரிச் சான்றிதழ் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். நம் பக்கத்தில் அப்பாவின் பெயர் ஒன்றில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருப்பது சாதாரணம். பிறப்பைப் பதிந்தவர் கேட்டபடி எழுதியிருப்பார், பள்ளிக்கூடத்தில் வேறு விதமாக எழுதியிருப்பார்கள். திருத்த வேண்டியிருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்குப் போய், சத்தியக் கடதாசி போதுமா, பதிவையே திருத்த வேண்டுமா என்று நேரடியாகக் கேளுங்கள். நியமனக் கடிதம் வந்த பிறகு ஓடினால் நாட்கள் வீணாகும்.

அடுத்தது பதிவு. தாதியர் கவுன்சிலில் பெயர் பதியாமல் அரசாங்கத்திலும் சரி, தனியார் ஆஸ்பத்திரியிலும் சரி, பதிவுபெற்ற தாதியாக வேலை பார்க்க முடியாது. கல்லூரி அலுவலகம் மொத்தமாக அனுப்பிவிடும் என்று சும்மா இருக்காமல், உங்கள் விண்ணப்பம் போனதா, எண் வந்ததா என்று விசாரியுங்கள். தோட்டத்து முகவரி கொடுக்கிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பல தோட்டங்களில் கடிதம் லயத்துக்கு வராது. தோட்டத்து ஆபீசுக்குப் போய், அங்கே கிடந்து, யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்த பிறகு கைக்கு வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். டவுனில் கடை வைத்திருக்கும் மாமாவோ, வீட்டு வாசலுக்குத் தபால் வருகிற சொந்தக்காரரோ இருந்தால் அந்த முகவரியைக் கொடுங்கள். இல்லாவிட்டால் கடிதம் வரும் காலத்தில் ஆபீசுக்கு நீங்களே போய்க் கேளுங்கள். அதில் கூச்சம் வேண்டாம்.

நியமனம் கண்டிக்கோ, பதுளைக்கோ, நுவரெலியாவுக்கோ, டிக்கோயாவுக்கோ கிடைக்கலாம். மலையகத்துக்கு வெளியேயும் போடலாம். கடமையேற்கப் போகும்போது மூலப் பிரதிகளோடு இரண்டு செட் போட்டோ பிரதியும் இருக்கட்டும். சுயவிபரக் கோவை திறந்து சம்பளப் பட்டியலில் பெயர் ஏறும்வரை கையில் காசு வராமல் போகலாம். முதல் இரண்டு மாதச் செலவுக்கு வீட்டில் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

காலை டியூட்டி 7 மணிக்கு. தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து அந்த நேரத்துக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள், மழைக்காலத்தில் ஒரு மண்சரிவு போதும். விடுதியில் இடம் கேளுங்கள், இல்லாவிட்டால் பக்கத்தில் அறை தேடுங்கள். வெள்ளைச் சீருடை மூன்று செட்டாவது வேண்டும். ஜூன், ஜூலையில் நுவரெலியாப் பக்கம் துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது.

வார்டில் முதல் நாள், வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டரிடம் ஒன்றைக் கேளுங்கள்: அவசர ட்ரொலியை ஒருமுறை திறந்து காட்டச் சொல்லுங்கள். கடும் ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலின் எந்தத் தட்டில் இருக்கிறது, கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக் எங்கே, சக்ஷன் மெஷின் வேலை செய்கிறதா, ஒட்சிசன் சிலிண்டர் சாவி யாரிடம், இரவில் டொக்டரை எந்த எண்ணில் கூப்பிடுவது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு டியூட்டியிலும் வந்தவுடன் நீங்களே சரிபாருங்கள். பொறுப்பை ஒப்புவிக்கும்போது மேசையடியில் நின்று கேட்பதோடு விடாமல் கட்டில் கட்டிலாகப் போய் நோயாளியின் முகத்தையும், சேலைன் எவ்வளவு மிச்சம் என்பதையும், சிறுநீர்ப் பையையும் கண்ணால் பார்த்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

கணக்கை விட்டுவிடாதீர்கள். 1 மில்லிலீட்டருக்கு 20 துளி விழும் சேலைன் குழாய் செட்டில் 1000 மில்லிலீட்டர் சேலைன் 8 மணித்தியாலத்தில் ஓட வேண்டுமென்றால், 20,000 துளியை 480 நிமிடத்தால் பிரித்து நிமிடத்துக்கு 42 என்று வையுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் போடும் மைக்ரோ செட்டில் மில்லிலீட்டருக்கு 60 துளி. செட்டின் உறையைப் பார்க்காமல் கணக்குப் போடக்கூடாது. இன்சுலின், ஹெப்பரின், பொட்டாசியம் குளோரைட் மூன்றையும் இன்னொரு தாதி பார்க்காமல் கொடுக்காதீர்கள். பொட்டாசியத்தை ஒருபோதும் நேரடியாக இரத்த நாளத்தில் தள்ளக்கூடாது. அவசரப்படுத்துகிறவர் யாராக இருந்தாலும், “ஒருக்கா சேர்ந்து பார்ப்போம் அக்கா” என்று நிறுத்தும் உரிமை முதல் நாளிலிருந்தே உங்களுக்கு உண்டு.

இனி, புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம்: நள்ளிரவில் டொக்டரைக் கூப்பிடுவது. நம் ஆஸ்பத்திரிகளில் அடிக்கடி வரும், குளவி கொட்டிய கேஸையே எடுத்துக்கொள்வோம். மலையில் கொழுந்து பறிக்கும்போது கூடு கலைந்து, ஏழெட்டுப் பேரை ஒன்றாக லொறியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். அநேகமானவர்களுக்கு வலியும் வீக்கமும்தான். ஒருவருக்கு மட்டும் உடம்பெல்லாம் தடித்து, குரல் கம்மி, மூச்சு இழுத்து, பிரஷர் விழும். அவரை உடனே படுக்க வையுங்கள். மூச்சுக்குக் கஷ்டப்பட்டால் கட்டிலில் சாய்ந்து உட்காரட்டும், எழுந்து நடக்க மட்டும் விடாதீர்கள். பெரியவர்களுக்கு 1:1000 அட்ரினலின் 0.5 மில்லிலீட்டர், தொடையின் வெளிப்பக்கத் தசையில். 5 நிமிடத்தில் தெளிவில்லை என்றால் மறுபடியும் கொடுக்க வேண்டிவரும். உங்கள் வார்டில் டொக்டர் வருவதற்கு முன் தாதி எதுவரை செய்யலாம் என்ற நடைமுறையை முதல் வாரத்திலேயே கேட்டு எழுதி வையுங்கள். ட்ரொலிப் பக்கத்தில் நின்று யோசிக்க நேரம் இருக்காது.

தெளிந்துவிட்டார் என்று இரவுத் தாதி அசந்துவிடவும் கூடாது. சில மணித்தியாலம் கழித்து அதே ஒவ்வாமை திரும்ப வரலாம். பிரஷர், பல்ஸோடு மூச்சையும் எண்ணுங்கள், முழு நிமிடம் எண்ணுங்கள். 18 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிற வழக்கத்தை நீங்கள் பழகாதீர்கள். உடம்பு கெட்டுப்போவதை அநேகமாக முதலில் காட்டுவது மூச்சுதான்.

திரும்ப வந்தால் போனில் இப்படிச் சொல்லுங்கள்: “டொக்டர், பெண்கள் வார்ட், 12ஆம் கட்டில். பின்னேரம் குளவி கொட்டி வந்த 48 வயது அம்மா, அட்ரினலின் ஒருமுறை கொடுத்துத் தெளிந்திருந்தார். இப்போது பிரஷர் 80க்கு 50, பல்ஸ் 128, மூச்சு 30, உதடு வீங்குகிறது. ஒவ்வாமை திரும்பியிருக்கிறது என்று நினைக்கிறேன். ஒட்சிசன் போட்டு, அட்ரினலின் எடுத்து வைத்திருக்கிறேன். இப்போதே வாருங்கள்.” யார், முன்பு என்ன நடந்தது, இப்போது என்ன, உங்களுக்கு என்ன வேண்டும் என்ற ஒழுங்கு அது. கடைசி வசனத்தை விழுங்கிவிடாதீர்கள். “ஆள் கொஞ்சம் சுகமில்லை டொக்டர்” என்று இழுத்தால், தூக்கத்திலிருந்து எழுந்தவருக்கு எதுவும் விளங்காது. எரிச்சலோடு பேசினால் பேசட்டும். கூப்பிட்ட நேரத்தையும் கிடைத்த பதிலையும் எழுதுங்கள். வரவில்லை என்றால் அவருக்கு மேலே உள்ளவரைக் கூப்பிடுங்கள்.

இந்தப் பேச்செல்லாம் சிங்களமும் ஆங்கிலமும் கலந்துதான் நடக்கும். நியமனக் கடிதத்திலேயே மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். பரீட்சை வரட்டும், அதற்கு முன் வார்ட் சிங்களம் வேண்டும். அதைச் சொல்லித்தர சிற்றூழியர்களைப் போல யாரும் இல்லை. தேத்தண்ணி நேரத்தில் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள், பிழையாகப் பேசினாலும் பரவாயில்லை. பொறுப்பு ஒப்புவிக்கும்போது ஒரு சொல் விளங்காவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திக் கேளுங்கள். விளங்கின மாதிரித் தலையாட்டிவிட்டு மருந்து கொடுக்கப் போகக்கூடாது.

தமிழ் தெரிந்த தாதி என்றவுடன் எல்லா டொக்டரும் மொழிபெயர்க்க உங்களைத்தான் கூப்பிடுவார்கள். சந்தோஷமாகப் போங்கள், நம் சனங்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. ஆனால் நோயாளி சொன்னதை அப்படியே சொல்லுங்கள், சுருக்காதீர்கள். ஒப்பரேஷனை விளக்க வேண்டியது டொக்டர், அவர் சொல்வதைத் தமிழில் சொல்வது மட்டும் உங்கள் வேலை. அந்த நேரத்தில் உங்கள் மருந்துச் சுற்று தாமதமானால் சிஸ்டரிடம் சொல்லி வேறொருவரிடம் ஒப்படையுங்கள்.

நம் அம்மாமார் எதைக் கேட்டாலும் “ஆமாங்க மிஸ்ஸி” என்பார்கள். “விளங்கிச்சா?” என்று கேட்டுப் பிரயோசனமில்லை. “வீட்டுக்குப் போய் இந்த ஊசியை எப்படிப் போடுவீங்க, சொல்லுங்கம்மா” என்று கேளுங்கள். அப்போதுதான் உண்மை வரும்: விடியக்காலையில் இன்சுலினைப் போட்டு, வெறும் தேத்தண்ணியோடு, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடி, மலையேறி, பத்து மணிக்குக் கொழுந்துக்கூடையோடு மயங்கி விழுகிற கதை. ஊசி போட்டால் அரை மணித்தியாலத்துக்குள் ரொட்டியாவது சாப்பிட வேண்டும், மடியில் சீனியோ டொபியோ இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். பாவிக்கும் போத்தலை எங்கே வைக்கிறார் என்றும் கேளுங்கள். அடுப்புக்கு மேலே பரணில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் பக்கத்துக் குளிருக்குத் திறந்த இன்சுலின் போத்தல் நாலு வாரம் அறையிலேயே இருக்கலாம், அடுப்புச் சூடும் வெயிலும் படாமல் இருந்தால் சரி.

கடைசியாக உங்கள் உடம்பு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்றும் (0, 1, 6 மாதம்) போட்டாயிற்றா, அதற்குப் பிறகு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று இரத்தம் பார்த்தீர்களா? பார்க்காவிட்டால் இப்போதே கேளுங்கள். பாவித்த ஊசி கையில் குத்தினால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், பிதுக்காதீர்கள். திட்டு விழுமோ என்று மறைக்காமல் அந்த நிமிடமே சிஸ்டரிடம் சொல்லிப் பதியுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நல்லது. டியூட்டி முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், கட்டில்களைப் பக்கத்திலிருப்பவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.