நோட்பேடில் ஒரு ரசப்பொடிப் பக்கம்: எச்டிஎம்எல் முதல் பாடம்

எச்டிஎம்எல் என்பது வலைப்பக்கம் எழுதும் மொழி. அதைப் பழக சாஃப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டாம். விண்டோஸில் இருக்கும் நோட்பேடும் ஒரு பிரவுசரும் போதும், நெட்கூட வேண்டியதில்லை. வீட்டு ரசப்பொடிக் குறிப்பையே பக்கமாக்கிப் பார்ப்போம்.

முதலில் ஒரு டேக்கும் (பிரவுசருக்கு நாம் போட்டுக்காட்டும் குறி) போடாமல், நோட்பேடில் வரிக்கு ஒன்றாக இப்படித் தட்டுங்கள்:

ரசப்பொடி
தனியா 1 கப்
துவரம்பருப்பு கால் கப்
மிளகு 2 ஸ்பூன்

சேமிக்கும்போது கவனம். 'சேவ் ஆஸ்' பெட்டியில் வகையை 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றி, பெயரின் கடைசியில் புள்ளி வைத்து எச்டிஎம்எல் என்று ஆங்கிலத்தில் முடியுங்கள். வகையை மாற்றாவிட்டால் அதன் வாலில் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளக்கூடும். விண்டோஸ் அந்த வாலை மறைத்துவிடுவதால் எங்கே பிழை என்றே தெரியாது.

ஃபைலை டபுள் கிளிக் செய்யுங்கள். நான்கு வரியும் ஒரே வரியாகத்தான் வரும். நீங்கள் ஒரு என்டர் தட்டினாலும் பத்து தட்டினாலும் பிரவுசருக்கு அது ஓர் இடைவெளி, அவ்வளவுதான். எது தலைப்பு, எது பட்டியல் என்று நாம் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும். அதற்குத்தான் டேக்.

இங்கே டேக்குகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள், தமிழில் தட்டினால் பிரவுசர் கண்டுகொள்ளாது.

<எச்1>ரசப்பொடி</எச்1>
<யூஎல்>
<எல்ஐ>தனியா 1 கப்</எல்ஐ>
<எல்ஐ>மிளகு 2 ஸ்பூன்</எல்ஐ>
</யூஎல்>

திறக்க ஒன்று, மூட சாய்கோடு போட்ட இன்னொன்று. எச்1 பெரிய தலைப்பு. எச்6 வரை இருக்கிறது, ஆனால் எழுத்து சின்னதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக எச்4 போடாதீர்கள். அளவைப் பார்த்துக்கொள்ள சிஎஸ்எஸ் என்று தனியாக ஒன்று உண்டு. யூஎல் என்பது வரிசை முக்கியமில்லாத பட்டியல். தனியாவை முதலில் எழுதினால் என்ன, மிளகை எழுதினால் என்ன? வறுப்பது, ஆறவிடுவது, அரைப்பது அப்படியில்லை, வரிசை மாறினால் பொடி கெட்டுவிடும். அந்தப் பகுதிக்கு யூஎல் இருக்கும் இடத்தில் ஓஎல் போடுங்கள், 1, 2, 3 எண்கள் தானாக வரும். சாதாரணப் பத்திக்கு பி.

செர்ன் என்ற இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய மொழி எச்டிஎம்எல். எச்1, யூஎல், எல்ஐ, பி எல்லாம் அன்றே இருந்தவை, இன்றும் வேலை செய்கின்றன.

சரி, இனி தமிழுக்கே உரிய தலைவலி. நான் முதன்முதலில் சர்வரில் ஏற்றிய பக்கத்தில் ஓர் எழுத்துகூடத் தமிழாகத் தெரியவில்லை. மேலே கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளும் ® குறிகளும் வரிசை கட்டி நின்றன. காரணம் எளிது. எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யூடிஎஃப்-8 என்ற முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் (ஓர் எழுத்துக்கோ அதன் துணைக்குறிக்கோ கணினி தரும் எண்) 3 பைட். 'அம்மா' என்ற சொல்லில் புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனியாக எண்ணினால் 5 குறியெண்கள், அதாவது 15 பைட். எந்த முறை என்று சொல்லாவிட்டால் பிரவுசர் ஊகிக்கும். ஊகம் தப்பினால் ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி எழுத்தாகக் காட்டிவிடும். மருந்து, பக்கத்தின் உச்சியில் இந்த இரண்டு வரி:

<!டாக்டைப் எச்டிஎம்எல்>
<மெட்டா சார்செட்="யூடிஎஃப்-8">

நோட்பேடில் சேமிக்கும்போதும் 'என்கோடிங்' கட்டத்தில் யூடிஎஃப்-8 இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் ஒன்று சொல்லி ஃபைலை வேறு முறையில் சேமித்தால் பழைய கதைதான்.

அப்புறம், எச்1-ஐ மூடும் இடத்தில் சாய்கோட்டை வேண்டுமென்றே அழித்துவிட்டு, சேமித்து, பிரவுசரில் எஃப்5 தட்டுங்கள். தனியாவும் மிளகும் தலைப்பு அளவுக்குத் தடித்து நிற்கும். பிரவுசர் பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. பக்கம் திடீரென்று வீங்கியிருந்தால், வீக்கம் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே சாய்கோட்டைத் தேடுங்கள்.