ஷான் ஸ்கல்லியைப் பார்த்துப் பட்டை வரைபவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் என் வகுப்புக்கு வந்த ஒரு பெண், புதுக் கேன்வாஸோடு மூன்று சுருள் மாஸ்கிங் டேப்பையும் (நேர் விளிம்பு வர ஒட்டி, பூசியபின் உரித்துவிடும் காகித டேப்) பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். "ஷான் ஸ்கல்லி மாதிரி ஒண்ணு போடணும் சார்" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினொரு வருடத்துக்கு முன்னால் இதே ஆசையில் இதே டேப்பைத்தான் நானும் வாங்கினேன். அவருக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். பிரஷ்ஷைக் கழுவாமல் விடுவது, வெள்ளையை அள்ளிக் கொட்டுவது போன்றவற்றைப் பேசப்போவதில்லை. அவை இரண்டு படம் போட்டால் தானாகத் தெரிந்துவிடும்.

ஸ்கல்லியைத் தெரியாதவர்களுக்கு: ஓவியர், 1945-ல் அயர்லாந்தின் டப்ளினில் பிறந்தவர். நான்கு வயதில் குடும்பம் லண்டனுக்குப் போய்விட்டது. பதினைந்து வயதில் பள்ளியை விட்டுவிட்டு அச்சகத்தில் தொழில் பழகினார், மாலை வகுப்புகளில் வரையக் கற்றார். 1975-ல் நியூயார்க்கில் குடியேறினார். பிரிட்டனின் பெரிய கலைப் பரிசான டர்னர் பரிசின் இறுதிப் பட்டியலில் 1989, 1993 என இரண்டு முறை இடம்பெற்றவர். பட்டைகளும் கட்டங்களும்தான் அவருடைய மொழி.

போனில் பார்த்து அளவு தீர்மானிப்பது

அவருடைய 'பேக்ஸ் அண்ட் ஃபிரண்ட்ஸ்' (1981) எட்டடி உயரம், இருபதடி நீளம். தனித்தனிப் பலகைகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்த படம். போனில் அது தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கி, சட்டைத்துணி டிசைன் மாதிரி தெரிகிறது. அதைப் பார்த்து ஏ4 தாளில் பட்டை போடுகிறார்கள். ஏ4-ல் வேலை செய்வது மணிக்கட்டு. எட்டடியில் வேலை செய்வது தோள். அந்தப் பட்டையில் இருக்கும் நடுக்கமும் எடையும் தோளிலிருந்து வருபவை. பெரிய கேன்வாஸ் வாங்க வசதியில்லை என்றால் பரவாயில்லை, ஒரே ஒரு பட்டையை மட்டும் உள்ள அளவில் பழைய செய்தித்தாளில் போட்டுப் பாருங்கள். கை என்ன செய்கிறது என்று புரியும்.

டேப் ஒட்டுவது

இதுதான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியாத தவறு.

பதினொரு வருடத்துக்கு முன்னால் அந்த டேப்போடு ஆறடி லினன் துணியும் படம் வரைய வாங்கினேன். அதற்கும் கேட்மியம் சிவப்பு டியூப்களுக்குமாக அரை மாதச் சம்பளம் போனது. சிவப்பில் அடிப்பூச்சு அடித்தேன். தொட்டால் கையில் ஒட்டவில்லை, காய்ந்துவிட்டது என்று நினைத்தேன். வரிசையாக டேப் ஒட்டி, மேலே சாம்பலும் கறுப்பும் பூசி, மறுநாள் உரித்தேன். மூன்று இடத்தில் சிவப்பு, தோல் உரிவது மாதிரி டேப்போடு கிளம்பி வந்தது. இன்னும் சில இடத்தில் டேப்புக்கு அடியில் சாம்பல் கசிந்திருந்தது. சின்ன பிரஷ்ஷை வைத்து அதையெல்லாம் ஒட்டுப்போட்டேன். ஒட்டுப்போடப் போட படம் செத்துக்கொண்டே போனது. இரண்டு மாத உழைப்பு.

காரணம் எளிது. அக்ரிலிக் வண்ணம் காய்வது தண்ணீர் ஆவியாவதால். நான் போட்ட ஆயில் வண்ணம் அப்படியில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. மேலே தோல் கட்டிவிடும், உள்ளே வாரக்கணக்கில் மெழுகு மாதிரி இருக்கும். அம்பர் போன்ற மண் நிறங்கள் சீக்கிரம் இறுகும், கேட்மியமும் ஐவரி கறுப்பும் தாமதமாகும். நான் தாமதமான நிறத்தையே அடியில் போட்டு, அதன்மேல் பசையை ஒட்டியிருக்கிறேன்.

அதைவிடப் பெரிய தவறு வேறு. டேப் உரியாமல் சுத்தமாக வந்திருந்தாலும் அந்தப் படம் ஸ்கல்லியின் பக்கத்தில் போயிருக்காது. 1970-களில் அவரும் டேப் ஒட்டினார்தான். வலை பின்னியது மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், நியூயார்க் போனபின் இருண்ட நிறங்களில் மெல்லிய பட்டைகள், எல்லாம் கத்தி வைத்து வெட்டியது போன்ற விளிம்போடு. 1980-களின் தொடக்கத்தில் டேப்பைத் தூக்கிப் போட்டார். அகலமான பிரஷ்ஷைக் கையில் எடுத்துக் கையாலேயே விளிம்பைப் போட ஆரம்பித்தார். இன்று நாம் எதைப் பார்த்து ஆசைப்படுகிறோமோ, அது டேப்பை விட்டதிலிருந்து வந்தது.

டப்ளின் ஹியூ லேன் காட்சியகத்தில் அவருக்கென்றே ஓர் அறை இருக்கிறது. அங்கே நின்றபோதுதான் எனக்கு இது உறைத்தது. நேரே பார்த்தால் சாம்பல் கட்டம், கறுப்புக் கட்டம். பக்கவாட்டில் போய் முகத்தைக் கிட்டே கொண்டுபோனால், இரண்டும் சந்திக்கும் இடுக்கில் அடியிலிருக்கும் சிவப்பு நூலிழையாக ஓடுகிறது. ஓரிடத்தில் தடிக்கிறது, ஓரிடத்தில் காணாமல் போகிறது. கறுப்பின் பிரஷ் தடம் சாம்பலின் ஓரத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அந்த இடுக்கில்தான் படம் மூச்சுவிடுகிறது. 1980-களில் மெக்சிகோவில் மாயன் இடிபாடுகளின் கற்சுவர்களில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு நீர்வண்ணத்தில் ஆரம்பித்து, 1990-களின் இறுதியில் பெரிய ஆயில் படங்களாக வளர்ந்த வரிசைக்கு அவர் வைத்த பெயரே 'வால் ஆஃப் லைட்', ஒளியின் சுவர். கல்லைப் போட்டுவிட்டு இடுக்கை அடைத்தால் வெளிச்சம் எங்கிருந்து வரும்? டேப் செய்வது அந்த அடைப்பு வேலையைத்தான்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். அடிப்பூச்சை மெல்லியதாக, டர்பன்டைன் கலந்து, சீக்கிரம் காயும் மண் நிறத்தில் அடியுங்கள். நன்றாக இறுகவிடுங்கள். மேல் நிறங்களை ஈரத்தோடு ஈரமாக, இரண்டரை மூன்று அங்குல பிரஷ்ஷால் போடுங்கள். பக்கத்துக் கட்டத்தின் ஓரம்வரை போய் நின்றுவிடுங்கள். தொடவேண்டிய இடத்தில் ஒரே முறை தொடுங்கள், திரும்பத் திரும்பத் தேய்த்தால் சேறாகிவிடும்.

அந்தப் பெண் டேப்பைப் பையிலேயே வைத்துவிட்டு நான்கு கட்டம் போட்டார். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் காவி நிறம் ஒரு விரல் நீளத்துக்குத் தப்பித்திருந்தது. "இதை மூடிடட்டுமா சார்?" என்று கேட்டார். பிரஷ்ஷை வாங்கி டர்பன்டைன் டப்பாவில் போட்டுவிட்டேன்.

கறுப்பைக் கண்டதும் துக்கம் என்பது

1983-ல் அவருடைய மகன் பால் சாலை விபத்தில் இறந்துபோனான். இருபதுகூட நிறையாத வயது. மறுவருடம் 'பால்' என்றே பெயரிட்டு ஒரு பெரிய படம் வரைந்தார், அது இப்போது பிரிட்டனின் 'டேட்' (Tate) அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அந்தப் படத்தின் முன்னால் துக்கத்தைப் பேசுங்கள், பேசத்தான் வேண்டும். ஆனால் இருட்டான பட்டை எதைப் பார்த்தாலும் "மகன் போன சோகம்" என்று சொல்லிவிட்டு நகர்கிறார்கள். 1970-களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் வரைந்தவை அதைவிட இருண்டவை. அப்போது பையன் உயிரோடு இருந்தான். படத்தின் கீழே இருக்கும் வருடத்தைப் படித்துவிட்டு வாயைத் திறக்கலாம். இது எனக்குக் கோபம் வரும் விஷயம், ஏனென்றால் ஒரு தகப்பனின் இழப்பை அலங்காரமாக்குகிறோம்.

அயர்லாந்துக்காரர் என்று அந்நாட்டின் அடையாளமான பச்சையைத் தேடுவது

வேண்டாம். அயர்லாந்தின் அரான் தீவுகளில் சாந்து வைக்காமல் அடுக்கிய கல்வேலிகளை அவர் எடுத்த புகைப்படங்களைத் தேடுங்கள்.

பட்டை மட்டும்தான் போடுவார் என்று முடிவு கட்டுவது

எழுபது வயதுக்கு அருகில், பஹாமாஸின் எலூத்ரா தீவுக் கடற்கரையில் சின்ன மகன் ஓஷின் மணலில் விளையாடுவதை உருவமாகவே வரிசையாக வரைந்தார். உருவம் வரையப் பழகுவதை விட்டுவிட வேண்டாம்.

வார்னிஷுக்கு அவசரப்படுவது

தடித்த ஆயில் என்றால் ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம். அதுவரை டப்பாவைத் திறக்காதீர்கள்.