பெரியவர்களுக்குக் கதை எழுதும் வகுப்பு எடுக்கப் போகிறீர்களா?

முதல் வகுப்பில் சுய அறிமுகம் வைக்காதீர்கள். வைத்தால் முதல் ஒரு மணி நேரம் அதிலேயே போய்விடும். வேலை, பதவி, பிள்ளைகள் எங்கே செட்டில் ஆனார்கள், பள்ளியில் தமிழாசிரியர் எப்படிப் பாராட்டினார் என்று வரிசையாக வரும். நேரம் போவதுகூடப் பரவாயில்லை. யார் மேலதிகாரி, யார் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் என்று தெரிந்ததும் அறைக்குள் ஒரு படிவரிசை உண்டாகிவிடும். அப்புறம் மேலதிகாரியின் கதையில் ஓட்டை இருக்கிறது என்று யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அதனால் பெயர் மட்டும் போதும். உடனே தாளை எடுக்கச் சொல்லுங்கள்.

பத்து நிமிடம், பேனாவை நிறுத்தாமல், அடிக்காமல் திருத்தாமல் எழுத வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை என்றால் ‘ஒன்றும் தோன்றவில்லை’ என்றே எழுதிக்கொண்டு போகலாம். 1973இல் பீட்டர் எல்போ என்ற அமெரிக்க ஆசிரியர் பிரபலமாக்கிய பயிற்சி இது. எழுதியதை யாரும் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை, நீங்களும் வாங்கிப் பார்க்கக் கூடாது. அந்தப் பத்து நிமிடமும் நீங்களும் உட்கார்ந்து எழுதுங்கள். கையைக் கட்டிக்கொண்டு நடுவில் உலாவினால் தேர்வுக்கூடம் ஆகிவிடும்.

தலைப்பு கொடுப்பதில் கவனம் வேண்டும். ‘தாய்மை’, ‘இயற்கை’ என்று கொடுத்தால் முன்னுரை, பொருளுரை, முடிவுரையோடு பள்ளிக்கூடக் கட்டுரை வந்து நிற்கும். ‘எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத ஒரு சாவி’, ‘நீங்கள் திருப்பிக் கொடுக்காமலே வைத்திருக்கும் ஒரு பொருள்’ என்பது போல, கையில் எடுத்துப் பார்க்கக்கூடியதாகக் கொடுங்கள்.

ஆள் கணக்கைப் பொறுத்தவரை ஏழிலிருந்து பத்துப் பேர் சரி. இரண்டு மணி நேர வகுப்பில் கால் மணி எழுத்து, முக்கால் மணி வெளிவந்த கதை ஒன்றின் வாசிப்பு போக, இரண்டு பேருடைய கதைகளை அரை அரை மணி நேரம் பேசலாம். எட்டு வார வகுப்பில் முதல் வாரத்தை விட்டுவிட்டால் பதினான்கு முறை கிடைக்கும். ஏழு பேர் என்றால் ஆளுக்கு இரண்டு. அந்த இரண்டாவது முறைதான் முக்கியம், திருத்தி எழுதியதைக் கொண்டுவருவார்கள். இருபது பேரைச் சேர்த்தால் அது வகுப்பு இல்லை, சொற்பொழிவு.

வாசிப்பைத் தனி இலக்கிய வகுப்பாகப் பிரிக்காதீர்கள். ‘ஆசிரியர் என்ன சொல்ல வருகிறார்?’ என்று கேட்ட நொடியிலேயே எல்லோரும் கருத்துச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், கதை மறந்துபோகும். கதை எந்த இடத்தில் தொடங்குகிறது, யார் கண் வழியாகப் பார்க்கிறோம், எத்தனை வருடத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டார் என்று கேளுங்கள். கடைசிப் பத்தியை மறைத்துவிட்டு அதை எழுதச் சொல்வதும் நன்றாக வேலை செய்யும். பாதிப் பேர் நீதி சொல்லி முடித்திருப்பார்கள். பிறகு மூலத்தைப் படித்தால் போதும், நீங்கள் விளக்கவே வேண்டாம்.

பெரியவர்களின் எழுத்தில் அடிக்கடி உதைக்கும் இடம் உரையாடல். கணவன் மனைவியிடம் ‘நீ ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறாய்?’ என்று கேட்பான். எந்த வீட்டில் அப்படிக் கேட்கிறார்கள்? இதற்கு நான் புதுமைப்பித்தனைத்தான் கொண்டுபோவேன். நெல்லைப் பேச்சு அவர் பாத்திரங்களின் வாயில் எப்படி ஓடுகிறது என்று பேச்சு வரிகளை மட்டும் அடிக்கோடிட்டு, இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்து உரக்கப் படிக்கச் சொன்னால் காதே கற்றுக்கொள்ளும். அவர் 1948இல் மறைந்தவர், எழுத்துகள் இப்போது பொதுவில் இருக்கின்றன. மதுரைத் திட்டத்தின் இணையநூலகத்தில் இலவசமாக எடுத்து நகல் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் எல்லா விறைப்பையும் குறை என்று நினைக்க வேண்டாம். கணக்குப் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்த ஒருவர் என் வகுப்பில் ‘மேற்படி நாளன்று மாலை ஆறு மணியளவில் மழை பெய்யத் தொடங்கியது’ என்று ஆரம்பித்தார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான். அந்த நடையைக் கைவிடச் சொல்லாமல், முழுக்கதையையும் ஒரு விளக்கக் கடிதமாகவே எழுதிவரச் சொன்னேன். வீட்டை விட்டுப் போன மகளைப் பற்றி எழுதிவந்தார். நடுவில் ஒரு வரி: ‘மேற்படி மகள் இந்நாள்வரை வீடு திரும்பவில்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்.’ வாழ்நாளெல்லாம் ஒருவர் புழங்கிய மொழியைப் பிடுங்கிவிட்டு அழகான நடையைக் கொடுத்தால் இப்படி ஒரு வரி வராது. தையல்காரர், செவிலியர், வக்கீல் என்று யார் வந்தாலும் முதலில் அவர்கள் தொழில் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

கதையைப் பேசும் அரை மணி நேரத்தில்தான் வகுப்பு தேறுவதும் கெடுவதும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936இல் தொடங்கிய எழுத்துப் பட்டறையின் பாணி உலகமெல்லாம் பரவியிருக்கிறது: மற்றவர்கள் பேசுவார்கள், எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. ஐம்பது வயதுக்காரரை அப்படிக் கட்டிப்போட்டால், கடைசியில் வாய் திறந்ததும் வழக்காடத்தான் செய்வார். நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் வகுத்த நான்கு படி முறை இதைவிட நாகரிகமானது. முதலில் கேட்டவர்கள் மனத்தில் நின்றதைச் சொல்வார்கள். அடுத்து எழுதியவர் தன் சந்தேகங்களைக் கேட்பார். பிறகு மற்றவர்கள் தீர்ப்பு ஒளிந்திராத கேள்விகளைக் கேட்கலாம். கடைசியில், எழுதியவர் அனுமதித்தால் மட்டும் அபிப்பிராயம்.

மூன்றாவது படிதான் எல்லோருக்கும் வழுக்கும். ‘ரயில் பயணம் ஏன் இவ்வளவு நீளம்?’ என்பது கேள்வி வேஷம் போட்ட தீர்ப்பு. ‘ரயிலில் நடப்பதிலிருந்து எங்களுக்கு எது தெரிய வேண்டும் என்று நினைத்தீர்கள்?’ என்று கேட்டால் எழுதியவர் யோசிப்பார். பல சமயம் பதில் சொல்லும்போதே அவருக்கே தெரிந்துவிடும், பாதியை வெட்டலாம் என்று.

‘அருமை சார்’, ‘ரொம்ப டச்சிங்’ இரண்டுக்கும் தடை. பதிலாக, தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எந்த வரி ஞாபகம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஒன்றும் ஞாபகம் இல்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

இன்னொரு விதி, ‘நான்’ என்று தன்மையில் எழுதியிருந்தாலும் ‘உங்கள் மாமியார்’ என்று சொல்லக் கூடாது, ‘கதைசொல்லியின் மாமியார்’ என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் செயற்கையாக இருக்கும். ஆனால் அந்தத் திரை இருந்தால்தான் மனிதர்கள் துணிந்து எழுதுவார்கள். வகுப்பில் கேட்டது வெளியே போகக் கூடாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வாசிக்கும்போது குரல் உடைந்தால் ஆறுதல் சொல்லப் பாயாமல் கொஞ்சம் பொறுங்கள். ‘நீங்களே தொடரலாமா, வேறு யாராவது வாசிக்கட்டுமா?’ என்று கேளுங்கள். அப்புறம் பேச்சு கதையைப் பற்றியே இருக்கட்டும். அதற்கு மேல் உதவி தேவைப்படுகிறது என்று தோன்றினால் வகுப்பு முடிந்து தனியாகப் பேசலாம்.

சில்லறை விஷயங்கள். கதை ஆயிரம் வார்த்தைக்குள், எழுத்தளவு 14, வரிகளுக்கு எண். எண் இல்லாவிட்டால் ‘மூணாவது பக்கத்துல நடுவுல’ என்று தேடுவதிலேயே நேரம் போகும். தமிழில் தட்டச்சு வராதவர்கள் போனில் பேசிப் பதிவு செய்யலாம், பிழை திருத்த இன்னொருவர் உதவட்டும். வாட்ஸ்அப் குழு வேண்டும்தான், ஆனால் காலை வணக்கப் படம் போட்டால் அடுத்த வாரம் கூடுதலாக ஒரு பக்கம் எழுதிவர வேண்டும் என்று வையுங்கள்.

கடைசி வகுப்பு நெருங்கும்போது ‘எல்லாருமாச் சேர்ந்து ஒரு தொகுப்பு போட்டுடலாமே’ என்று யாராவது கிளப்புவார். மறுக்க வேண்டாம், ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். அட்டைப்படம், அணிந்துரை, வெளியீட்டு விழா என்று பேச்சு திரும்பினால் எழுத்து நின்றுபோகும். அதற்குப் பதில், நீங்கள் இல்லாமல் அவர்கள் கூடும் நாளைப் பலகையில் எழுதி, அன்றைக்குக் கதை கொண்டுவரும் இரண்டு பேரின் பெயரையும் பக்கத்தில் எழுதவையுங்கள்.