5 அங்குலச் சதுரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாதபோது

குவில்ட்டுக்கென, அதாவது துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வைக்கென, வெட்டியே வரும் துணிக்கட்டில் வெட்டும் வேலை மிச்சம். நிறப் பொருத்தமும் தானாக அமைந்துவிடும். தொல்லை விளிம்பில்தான். நூல் பிரியாமலிருக்கப் பல் பல்லாக வெட்டியிருப்பார்கள். 5 அங்குலம் என்பது பல்லின் நுனி வரையா, பள்ளம் வரையா? தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். என் துண்டுகள் பொருந்தாமல் போனதற்கு இதுதான் காரணம்.

இப்போது கட்டைப் பிரித்ததும் ஒரு சதுரத்தின் மேல் ஸ்கேலை வைத்துவிடுகிறேன். நுனிக்கு நுனி 5 என்றால் தையல் மெஷினின் கால் அங்குலப் பாதத்தின் (ஊசியிலிருந்து ஓரம் கால் அங்குலம் இருக்கும் துணி அழுத்தி) ஓரத்தில் நுனி ஒட்டி ஓட வேண்டும். பள்ளத்துக்குப் பள்ளம் என்றால் பள்ளம். பிறகு சோதனை: 3 சதுரங்களை வரிசையாகத் தைத்து இஸ்திரி போட்டால் 14 அங்குலம் வரணும் (இரண்டு தையலும் தலா அரை அங்குலம் எடுத்துக்கொள்ளும்). குறைந்தால் தையல் உள்ளே ஏறியிருக்கிறது. ஊசியை ஒரு புள்ளி வலப்பக்கம் நகர்த்தினால் போதும்.

இப்படியே வெட்டி வரும் இரண்டரை அங்குல அகலத் துணி நாடாக்களில் வேறு வம்பு. எல்லாவற்றையும் ஒரே திசையில் தைத்தால் வில்லாக வளையும். ஒன்றை மேலிருந்து, அடுத்ததைக் கீழிருந்து ஓட்டுங்கள்.

முன்கூட்டியே துவைக்க மட்டும் வேண்டாம். சுருங்கி, நூல் பிரிந்து, அளவே போய்விடும். சாயம் இறங்குமோ என்றால் அடர்சிவப்புத் துண்டை ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள்.